தாலி இருக்கிறது, தாள் எங்கே?

(பினாங்கு ஜார்ஜ்டவுனில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘திருமணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்குச் சட்டத்தில் என்ன உரிமை?’ இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. தலைப்பைக் கேட்டதுமே முன்வரிசையில் இரண்டு அம்மாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாயான் லெப்பாஸ் பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, அடுக்குமாடியில் வாடகைக்கு அறை எடுத்து ‘லிவிங் டுகெதர்’ என்று இருக்கும் இளையவர்களைத்தான் இந்தப் பெண் பேசப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். பண்பாட்டைப் பற்றி எனக்கு முன் பேசிய ஐயா நிறையவே சொல்லிவிட்டார். அதில் நான் கை வைக்கப் போவதில்லை.

நான் கேட்க வந்தது வேறு. இந்த அரங்கில் திருமணமானவர்கள் கை தூக்குங்கள். நல்லது, முக்கால்வாசிப் பேர். கல்யாண ஆல்பம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள்? எல்லாரும். திருமணப் பதிவுச் சான்றிதழ் எந்த அலமாரியில் இருக்கிறது என்று இப்போதே சொல்லக்கூடியவர்கள்? பாருங்கள், எத்தனை கை இறங்கிவிட்டது! இறங்கிய கைகளில் பாதி மறதியால் இறங்கியிருக்கும். மீதியைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

நம் சமுதாயத்தில் சட்டத்தின் கண்ணுக்குத் ‘திருமணமாகாமல் சேர்ந்து வாழும் ஜோடி’யாகத் தெரிகிறவர்களில், கோயிலில் ஐயர் வைத்துத் தாலி கட்டி, ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டு, பதிவு மட்டும் செய்யாமல் விட்டவர்களும் இருக்கிறார்கள். தாங்கள் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி என்பது அவர்களுக்கே தெரியாது.

பிறையிலிருந்து ஓர் அக்கா எங்கள் நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் அழைத்தார். பெயர் வேண்டாம். பதினான்கு வருடக் குடித்தனம், இரண்டு பெண் பிள்ளைகள். கணவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்து பதினேழாம் நாள், அவருடைய சேமநிதிப் பணம், சொக்சோ, வீடு என்று ஒவ்வொரு கவுண்டராக இந்த அக்கா ஏறி இறங்கியிருக்கிறார். எல்லா இடத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “சிஜில் கஹ்வின் ஆடா?” கல்யாணச் சான்றிதழ் இருக்கிறதா? அக்கா கைப்பையிலிருந்து கல்யாணப் போட்டோவை எடுத்துக் காட்டியிருக்கிறார். அதிகாரி மரியாதையாகவே பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். “தம்பி, நான் என்ன வச்சிக்கிட்டா இருந்தேன்? தாலி கட்டின பொண்டாட்டி ஐயா நானு” என்று அங்கே அழுததை என்னிடம் சொல்லும்போது மறுபடியும் அழுதார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நான் வழக்கறிஞர் இல்லை. மைக் பிடிக்கப் படித்தவள். அதற்குப் பிறகுதான் சட்டப் புத்தகத்தைத் தேடிப் படித்து, தெரிந்த வழக்கறிஞர்களை நச்சரித்துக் கேட்டுக்கொண்டேன். அதைத்தான் இன்று உங்களிடம் சொல்கிறேன்.

நம் நாட்டில் முஸ்லிம் அல்லாத நம்மவர்களின் திருமணத்துக்கு ஒரே சட்டம்தான் உண்டு. 1976-ஆம் ஆண்டுத் திருமண, விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டம். நடைமுறைக்கு வந்த நாள் 1982 மார்ச் 1. இந்தத் தேதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் மத, வழக்க முறைப்படி முறையாக நடந்த திருமணங்களைச் சட்டம் பதிவானதாகவே கருதிக்கொள்கிறது. ஆகவே நம் பாட்டிமார்கள் பயப்பட வேண்டாம். அந்தத் தேதிக்குப் பிறகு, இந்தச் சட்டம் சொல்லும் முறையில்தான் திருமணம் நடக்க வேண்டும், பதிவாகவும் வேண்டும். ஒருவனுக்கு ஒருத்தி என்பதும் அன்றிலிருந்துதான் நமக்குச் சட்டமானது.

அதற்கு முன் எப்படி இருந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். பினாங்கும் சிங்கப்பூரும் ஒரே நீரிணைக் குடியேற்ற ஆட்சியில் இருந்த காலத்தில், 1908-இல், சிங்கப்பூரில் ஒரு சீனச் செல்வந்தர் சொத்துக்கு ஆறு பெண்கள் “நான்தான் விதவை” என்று வந்து நின்றார்கள். ‘ஆறு விதவைகள் வழக்கு’ என்றே அதற்குப் பெயர். சீன வழக்கப்படி பல மனைவியர் இருக்கலாம் என்று நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. யார் மனைவி, யார் இல்லை என்பதை ஊர்வாய்ச் சாட்சியை வைத்து முடிவு செய்த காலம் அது. அந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டத்தான் பதிவு வந்தது. பெண்களைக் காப்பாற்ற வந்த பதிவையே நாம் வெறும் ‘ஃபார்ம்’ வேலை என்று ஒதுக்கிவிட்டோம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கோயில் கல்யாணம் செல்லாது என்று நான் சொல்லவில்லை. அமைச்சர் ஒரு கோயிலின் குருக்களையோ தேவாலயத்தின் பாதிரியாரையோ துணைப் பதிவாளராக நியமிக்கலாம் என்று இதே சட்டம் சொல்கிறது. அப்படி நியமனம் உள்ள கோயிலில், உரிய பத்திரங்களோடு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நடந்தால் சடங்கும் சட்டமும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டும்போது “சமையலுக்கு யாரு?” என்று கேட்கிறோம் அல்லவா, அப்போதே “பதிவுக்கு யாரு?” என்றும் கேட்டுவிடுங்கள். நியமனம் இல்லாத கோயில் என்றால் தேசியப் பதிவிலாகாவில் மனு கொடுக்க வேண்டும். இருபத்தொரு நாள் அறிவிப்பு உண்டு, ஆகவே கடைசி வாரத்தில் ஓடினால் நடக்காது.

நம் ஆட்களுக்கு இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது? பாதி சின்னத்திரையிலிருந்து வந்தது. நானே அந்தத் தொழிலில் இருந்துகொண்டு சொல்கிறேன். தமிழ்நாட்டுத் தொடரில் கதாநாயகி மயங்கிக் கிடக்கும்போது யாராவது மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டால் முந்நூறு எபிசோடுக்கு அவன்தான் புருஷன். அங்குள்ள சட்டம் வேறு. இந்து திருமணச் சட்டத்தில் சடங்குக்கே மதிப்பு உண்டு. தமிழ்நாட்டில் 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த திருத்தத்தின்படி, உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் மாற்றினாலோ, தாலி கட்டினாலோ புரோகிதர் இல்லாமலே அது திருமணம். நடிகை குஷ்பு மீது 2005-இல் தமிழ்நாடு முழுக்க வழக்குப் போட்டார்களே, நினைவிருக்கிறதா? 2010 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் அவற்றையெல்லாம் தள்ளுபடி செய்தது. வயது வந்த இருவர் விரும்பிச் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்றும் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு ஜீவனாம்ச வழக்கில், ‘திருமணம் போன்ற உறவு’ என்றால் என்ன என்று அதே நீதிமன்றம் வரையறுத்தது. இருவரும் மணமாகாதவர்களாக இருக்க வேண்டும், திருமண வயது நிரம்பியிருக்க வேண்டும், கணவன் மனைவி என்று ஊருக்குத் தெரிய கணிசமான காலம் வாழ்ந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் அந்தப் பெண்ணுக்கு உரிமை உண்டு. இதை இணையத்தில் படித்துவிட்டு, “அஞ்சு வருஷம் ஒண்ணா இருந்தா தானாவே மனைவியாம்” என்று ஒரு நேயர் என்னிடம் வாதாடினார். அது இந்தியா ஐயா. இங்கே ஐம்பது வருடம் ஒன்றாக இருந்தாலும் தானாக மனைவி ஆகிவிட முடியாது.

அப்படியானால் பிறை அக்காவுக்கு ஒன்றுமே இல்லையா? ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது. அதே 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, பதிவாகவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு திருமணம் செல்லாததாகிவிடாது என்கிற பொருளில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு 1997-இல் உயர் நீதிமன்றத்தில் ஒரு தமிழ் விதவை, இந்து முறைப்படி நடந்து பதிவாகாத திருமணத்தை வைத்தே, இறந்த கணவருக்கான இழப்பீட்டில் மனைவி என்ற உரிமையைப் பெற்றார். சந்தோஷம்தான். ஆனால் அதற்கு அவர் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பதிவுச் சான்றிதழ் உள்ள பெண் கவுண்டரிலேயே முடித்துக்கொள்ளும் காரியம் அது. வழக்கறிஞர்களைக் கேட்டால், “அந்தத் தீர்ப்பை நம்பிப் பதிவு செய்யாம இருந்துடாதீங்க” என்கிறார்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவருடைய சொத்தை 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் பிரிக்கிறது. மனைவி, பிள்ளைகள், பெற்றோர் எல்லாரும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இதில் ‘சேர்ந்து வாழ்ந்தவர்’ என்று ஒரு வரிசையே கிடையாது. பிள்ளை என்றாலும் சட்டப்படியான பிள்ளைதான். பிறை அக்கா கதையில் என்ன ஆகிறது பாருங்கள். பதிவான மனைவி இல்லை, சட்டப்படி பிள்ளை இல்லை, மாமனார் காலமாகிவிட்டார். ஆகவே மொத்தமும் மாமியாருக்கு. அக்கா மாதாமாதம் தன் சம்பளத்திலிருந்து கொடுத்த வீட்டுக் கடன் தவணை? கணவர் கையில் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார். நான் பணம் போட்டேன் என்று நிரூபித்தால் நீதிமன்றத்தில் பங்கு கேட்க வழி உண்டு. நிரூபிக்க ஒரு வங்கிச் சீட்டாவது வேண்டாமா?

சேமநிதி கொஞ்சம் பரவாயில்லை. முஸ்லிம் அல்லாத சந்தாதாரர் யாரை வாரிசாக நியமிக்கிறாரோ அவருக்கே பணம் போகும். மனைவியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு அப்படியே மறந்துபோன ஆண்கள் எத்தனை பேர்! காப்புறுதியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, இதை முகவர்களே பல நேரம் சொல்வதில்லை. 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின்படி, கணவன் மனைவி, பிள்ளை, அவர்கள் இல்லாதபோது பெற்றோர் ஆகியோரை நியமித்தால்தான் அந்தப் பணம் அவர்களுடையது. சேர்ந்து வாழும் துணையின் பெயரைப் போட்டிருந்தால் அவர் பணத்தைக் கையில் வாங்கலாம், ஆனால் நிர்வாகியாகத்தான் வாங்குகிறார். உயிலோ பகிர்வுச் சட்டமோ யாருக்குச் சொல்கிறதோ அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஆகவே பதிவு செய்ய முடியாத நிலையில் உள்ளவர்கள் உயில் எழுதுவதுதான் உருப்படியான வழி. இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் பார்க்கக் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக நின்றால் அவருக்கு எழுதியது போய்விடும். இன்னொன்று: உயில் எழுதி வைத்துவிட்டுப் பிறகு பதிவுத் திருமணம் செய்தால் பழைய உயில் ரத்து. இன்னாரைத் திருமணம் செய்யப் போகிறேன் என்று கருதி எழுதிய உயில் மட்டும் நிற்கும். நல்ல காரியம் செய்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் எனக்குத் தூக்கம் வராது. பெற்றோர் திருமணம் பதிவாகாத பிள்ளையின் பிறப்பைப் பதியும்போது, தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டுக்கொண்டால்தான் பிறப்புப் பத்திரத்தில் தந்தை பெயர் ஏறும். கோபித்துக்கொண்டு வராமல் இருந்துவிட்டால் அந்தக் கட்டம் காலி. பள்ளியில் முதல் நாள் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்து ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு ஏழு வயதுப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? ஆனால் அப்பன் தப்பித்துக்கொள்ள முடியாது. 1950-ஆம் ஆண்டு ஜீவனாம்சச் சட்டம், திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் மாதச் செலவு கொடுக்கச் சொல்லித் தந்தைக்கு ஆணையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பெற்றோர் பின்னால் பதிவு செய்துகொண்டால் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பிள்ளை சட்டப்படியான பிள்ளையாகிவிடும். ‘காலம் கடந்துபோச்சு’ என்று உட்கார்ந்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஓர் இடத்தில் காலம் உண்மையிலேயே கடந்துவிடும். தாய் வெளிநாட்டவராக இருந்தால்! நம் பையன்கள் இந்தோனேசியா, தாய்லாந்து, தமிழ்நாடு என்று பெண் எடுக்கிறார்கள். பதிவுக்கு முன் பிள்ளை பிறந்தால், குடியுரிமைக்குத் தந்தையைப் பார்க்காமல் தாயைப் பார்க்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணை. மலேசியத் தந்தைக்கும் பிலிப்பைன்ஸ் தாய்க்கும் 2010-இல் பிலிப்பைன்சில் பிறந்த ஒரு பையன். பிறந்து ஐந்து மாதம் கழித்துப் பெற்றோர் திருமணம் பதிவானது. 2021 மே 28-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்தில் நான்கு நீதிபதிகள் அவன் குடிமகன் இல்லை என்றார்கள். தலைமை நீதிபதி தெங்கு மைமுன் உட்பட மூவர் மாறுபட்டார்கள். நாலுக்கு மூன்று. தந்தை யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஐந்து மாதம்தான் வித்தியாசம். 2011 பிப்ரவரியில் அரசாங்கம் ‘மைடஃப்தார்’ என்று இந்தியர்களுக்குப் பத்திரப் பதிவு இயக்கம் நடத்தியதே, அங்கே பிறப்புப் பத்திரம் இல்லாமல், அடையாள அட்டை இல்லாமல் வரிசையில் நின்றவர்களை மறந்திருக்க மாட்டீர்கள்.

அடி உதை விஷயத்தில் மட்டும் நிலைமை தலைகீழ். 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், மத வழக்கப்படி சடங்கு செய்துகொண்டவர்களைப் பதிவு இல்லாவிட்டாலும் கணவன் மனைவியாகவே பார்க்கிறது. ஆகவே தாலி கட்டிய பெண் போலீஸ் புகார் செய்து இடைக்காலப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். 2018-லிருந்து சமூகநல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம். அது ஏழு நாளைக்குச் செல்லும். “உனக்குத்தான் சர்டிபிகேட் இல்லையே, எங்க போய் சொல்லுவ?” என்று மிரட்டுகிற ஆட்கள் காதில் இது விழட்டும். சடங்கே இல்லாமல் சேர்ந்து வாழும் பெண்ணுக்கு இந்தச் சட்டம் இல்லை. சாதாரண அடிதடிப் புகார்தான் செய்ய முடியும். இந்த ஓட்டையை அடைக்கச் சொல்லிப் பெண்கள் அமைப்புகள் கேட்டுவருகின்றன. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. அடிபடுகிறவளிடம் நீ என்ன முறை என்று கேட்பது என்ன நீதி? நம் பினாங்கில் 1985-லிருந்து இயங்கும் மகளிர் மாற்ற மையம், டபிள்யூ.சி.சி., இந்த மாதிரிப் பெண்களுக்கு ஆலோசனை தருகிறது. காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகப் பயந்தால் முதலில் அங்கே போங்கள்.

ஏற்கெனவே பதிவுத் திருமணம் உள்ள ஆண், இன்னொரு பெண்ணுக்குக் கோயிலில் தாலி கட்டினால்? இதை நீட்ட வேண்டியதில்லை. அந்தத் திருமணம் செல்லாது. அவர் உயில் எழுதாமல் இறந்தால் அந்த இரண்டாவது பெண்ணுக்கு வாரிசுரிமை இல்லை என்று 6-ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. “முதல் தாரத்தோட பேச்சே இல்ல” என்று அவர் சொன்னால், விவாகரத்துத் தீர்ப்பைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார்: “அக்கா, நாங்க ரெஜிஸ்டர் பண்ணி எட்டு மாசம் ஆச்சு, கோயில் கல்யாணம் தை மாசம். இப்ப மனசு ஒத்துப்போகல. தாலி கட்டலையே, விலகிடலாமா?” தம்பி, நீங்கள் எட்டு மாதமாகக் கணவர். விலக விவாகரத்து வேண்டும். அதுவும் திருமணமாகி இரண்டு வருடம் ஆகாமல், விசேஷக் கஷ்டம் இருந்தாலொழிய, மனுவே போட முடியாது. பதிவை நிச்சயதார்த்தம் மாதிரி நினைத்துச் செய்பவர்களும், தாலியே போதும் என்று இருப்பவர்களும் ஒரே தவற்றைத்தான் இரண்டு பக்கத்திலிருந்து செய்கிறார்கள்.

பிறை அக்காவைப் பற்றிச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். கணவர் சேமநிதியில் அம்மா பெயரைத்தான் எழுதியிருந்தார். பணம் அந்த அம்மாவுக்குப் போனது. இந்த மாதிரி இடத்தில் சண்டை வரும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். அவரோ பணத்தை எடுத்துக்கொண்டு நேரே மருமகளிடம் வந்து, “எம் பேத்திங்களுக்குடி இது” என்று கொடுத்திருக்கிறார். பெண் பிள்ளைகள் இரண்டு பேருடைய பிறப்புப் பத்திரத்திலும் அப்பா பெயர் இருக்கிறது. அந்த மனிதர் அதையாவது செய்துவிட்டுப் போயிருக்கிறார். வீடும் மாமியார் பெயருக்கு மாறும். அவருக்கு இன்னும் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். நாளை அவர் உயில் இல்லாமல் கண்ணை மூடினால் வீடு அந்த மூவருக்குத்தான் போகும், இந்தப் பேத்திகளுக்கு இல்லை. யாரோ இதை விளக்கிச் சொல்ல, எழுபத்து மூன்று வயதில் அவரே ஒரு வழக்கறிஞரிடம் போயிருக்கிறார். கையெழுத்துப் போடத் தெரியாது, பெருவிரல் ரேகைதான். பின்னால் யாரும் வற்புறுத்தினார்கள் என்று சொல்லிவிடக் கூடாதே என்று வழக்கறிஞர் மருமகளை வெளியே உட்காரச் சொன்னாராம். “முக்கா மணி நேரம் வெளிய உட்கார்ந்திருந்தேன் தங்கச்சி. அம்மா வெளிய வந்து விரல்ல இருந்த மையை என் சேலையிலேயே தொடச்சாங்க” என்றார் அந்த அக்கா.